காட்கே பாபாவின் துடைப்பம்: தூய்மைப் பணி நாள் நடத்துவோர் அறிய வேண்டிய ஒரு வாழ்க்கை

பாபாசாகேப் அம்பேத்கர் மறைந்தது 1956 டிசம்பர் 6. அதற்கு 14 நாட்கள் கழித்து, டிசம்பர் 20 அன்று, மராட்டியத்தின் அமராவதி நகருக்குச் செல்லும் வழியில், வலகாவ் என்ற ஊரின் அருகே 80 வயது முதியவர் ஒருவர் உயிர் துறந்தார். அவரிடம் சொந்தமாக எஞ்சியிருந்தவை கந்தல் உடையும், ஒரு கைத்தடியும், உண்பதற்கான மண்கலமும், ஒரு துடைப்பமும் மட்டுமே. மராட்டிய மக்கள் அவரைக் காட்கே பாபா என்று அழைத்தனர். காட்கே என்பது மண்கலத்தைக் குறிக்கும் சொல். அந்தக் கலத்தில் உண்டு, வெயிலுக்கு அதையே தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர் என்பதால் அந்தப் பெயர் நிலைத்தது.

இன்று கல்லூரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் அரசுத் துறைகளும் போட்டி போட்டுக்கொண்டு தூய்மைப் பணி நாட்களை நடத்துகின்றன. நம் இயக்கத் தோழர்கள் சிலரும் தத்தம் பகுதிகளில் இத்தகைய தன்னார்வப் பணிகளை ஒருங்கிணைக்க முன்வருகின்றனர். துடைப்பத்தைச் சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட மக்களுக்கு இந்த நிகழ்வுகள் எளிதான பொருள் தருவன அல்ல. ஒருவர் கையில் அது அடிமைத்தனத்தின் அடையாளம், இன்னொருவர் கையில் அதுவே ஒரு நாள் பெருமிதம். இந்த முரணை எப்படி எதிர்கொள்வது என்று சிந்திக்கும்போது, 50 ஆண்டுகள் தெருக்களைப் பெருக்கிய காட்கே பாபாவின் வாழ்வை மீண்டும் படிப்பது அவசியமாகிறது.

கடனும் கள்ளும் கண்ட இளமை

தேபுஜி ஜிங்ராஜி ஜானோர்கர் 1876 பிப்ரவரி 23 அன்று அமராவதி மாவட்டத்தின் ஷேண்ட்காவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அவரது குடும்பம் பரீட் எனப்படும் சலவைத் தொழிலாளர் சாதியைச் சேர்ந்தது. மராட்டியக் கிராம அமைப்பில் ஊருக்கு ஊழியம் செய்து, அறுவடையில் தானியப் பங்கு பெற்றுப் பிழைக்க வேண்டிய பலுத்தேதார்களுள் பரீட்டும் ஒருவர். பிறர் அழுக்கை வெளுப்பவர், ஆனால் அதன் பொருட்டே தாழ்ந்தவராகக் கருதப்படுபவர். தமிழ்ச் சமூகத்தில் வண்ணார் மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தந்தை ஜிங்ராஜி குடிப்பழக்கத்தால் இளம் வயதிலேயே இறந்தார். தாய் சக்குபாய் மகனுடன் தன் பிறந்த வீட்டை அடைந்தார். தாபுரா என்ற ஊரில் தாய்மாமன் வீட்டில் மாடு மேய்த்தும் வயலில் உழைத்தும் தேபுஜி வளர்ந்தார். பள்ளிக்கூடத்தின் வாசலை அவர் மிதிக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் நிலம் வட்டிக்காரரின் கணக்கில் சிக்கிக் கைவிட்டுப் போனதை அவர் நேரில் கண்டார். எழுத்தறியாத உழவனிடம் வட்டிக்காரர் நீட்டும் ஏடு எத்தகைய ஆயுதம் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, இழந்த நிலத்தில் படித்தார். பிற்காலத்தில் கடன் வாங்காதீர்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊர்தோறும் அவர் மன்றாடியதற்கு இதுவே வேர்.

1892இல் குந்தாபாயுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. மகள் பிறந்தபோது பெயர் சூட்டும் சடங்குக்கு உறவினர் கூடினர். அந்நாளைய வழக்கப்படி ஆடு வெட்டி, மது ஊற்றி, அதற்காகக் கடன் பட வேண்டும். தேபுஜி இனிப்புடன் எளிய சைவ உணவைப் பரிமாறினார். இதைப் பார்ப்பனிய உணவொழுக்கத்தைப் பின்பற்றியதாக மட்டும் சுருக்கிவிடுவோர் உண்டு. அந்தக் கூறு அதில் இல்லை என்று நானும் வாதிடமாட்டேன். எனினும், குடித்து இறந்த தந்தையையும் கடனில் போன நிலத்தையும் மனத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பந்தி ஓர் ஏழை வீட்டின் பொருளாதார முடிவாகவும் இருந்தது புலப்படும்.

1905 பிப்ரவரி 1 அன்று தேபுஜி வீட்டை விட்டு வெளியேறினார். குந்தாபாயின் உழைப்பின் மேல்தான் அந்தத் துறவு நின்றது என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். துறவியரின் வரலாறுகள் பொதுவாக மறைத்துவிடும் பெண்களுள் அவரும் ஒருவர். பின்னாளில் பாபாவின் பெயரால் பெருநிறுவனங்கள் எழுந்தபோதும் அவற்றின் வசதிகள் தன் குடும்பத்தைச் சேரக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். குந்தாபாய் எளிய குடிசையிலேயே வாழ்ந்தார்.

காலையில் துடைப்பம், இரவில் கேள்வி

அவரது பணிமுறை எளிமையானது. ஓர் ஊருக்குள் அவர் அறிவிப்பின்றி நுழைவார். யாரிடமும் அனுமதி கேட்காமல் தெருவைப் பெருக்கத் தொடங்குவார். சாக்கடையை வழித்துவிடுவார், குப்பையைக் குவித்து அப்புறப்படுத்துவார். கந்தலணிந்த ஒருவர் தங்கள் வாசலைக் கூட்டுவதைக் கண்டு முதலில் ஊரார் நகைப்பர், பின்னர் வெட்கப்படுவர், பிறகு சிலர் தாமும் துடைப்பத்துடன் இறங்குவர். உணவு அளித்தால் அதற்கு ஈடாக ஏதேனும் வேலை செய்த பிறகே உண்பார்.

இரவில் அதே இடத்தில் கீர்த்தனை நடக்கும். மராட்டிய வார்காரி மரபில் கீர்த்தனை என்பது இசையோடு கூடிய பக்திச் சொற்பொழிவு. பாபா அந்த வடிவத்தை ஏற்றுக்கொண்டு அதன் உள்ளடக்கத்தை மாற்றினார். கூட்டத்தை நோக்கிக் கேள்விகளை அடுக்குவார். கூட்டம் பதில் சொல்லும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குச் செல்வார். கடவுளை எவரேனும் பார்த்ததுண்டா, கோயிலில் உள்ள சிலையைச் செய்தவர் யார், ஆட்டை வெட்டினால் மகிழும் தெய்வம் புலியை ஏன் கேட்பதில்லை என்ற போக்கில் அது அமையும். சத்தியநாராயண பூசைக் கதையில் மூழ்கிய படகு மீண்டெழுவதாக வருமே, அப்படியானால் போரில் மூழ்கிய கப்பல்களை ஏன் அந்தப் பூசையால் மீட்கவில்லை என்று கேட்டுச் சிரிக்க வைப்பார். தீண்டாமை, குடி, வரதட்சணை, கடன் பட்டுச் செய்யும் திதி, உயிர்ப்பலி ஆகிய யாவும் அந்தச் சிரிப்பின் ஊடே குற்றவாளிக் கூண்டில் ஏறும். ஒரு வழக்கறிஞராக நான் சொல்ல முடியும்: அது செம்மையான குறுக்கு விசாரணை.

1908இல் பூர்ணா ஆற்றங்கரையில் உள்ள ருணமோசன் என்ற ஊரில் அவர் படித்துறை கட்டுவித்தார். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வரும் மக்கள் சேற்றில் வழுக்கி விழுந்து அல்லலுற்ற இடம் அது. அவர் தாமே மண் சுமந்து கரையைச் செப்பனிடத் தொடங்கினார், மக்களின் உழைப்பும் நன்கொடையும் பின்னர் சேர்ந்தன. ருணமோசன் என்ற பெயருக்குக் கடன் நீக்கம் என்று பொருள். பெயரில் மட்டும் கடன் நீங்கும் ஊரில், வட்டிக்காரனிடம் செல்லாதீர்கள் என்று அவர் போதித்தார்.

தன்னைக் குருவாக ஏற்க வந்தவர்களை அவர் விரட்டினார். காலில் விழ வந்தவர்கள் கைத்தடிக்கு அஞ்சி விலகினர். தனக்குச் சீடர் எவரும் இல்லை, தானும் எவருக்கும் குரு இல்லை என்பதே அவர் நிலைப்பாடு. வந்து குவிந்த நன்கொடைகளைக் கொண்டு தர்மசாலைகள், பள்ளிகள், விடுதிகள், ஊனமுற்றோருக்கும் ஆதரவற்றோருக்குமான இல்லங்கள் எழுந்தன. பணத்தைப் பொறுப்பாளர்களிடமும் அறக்கட்டளைகளிடமும் ஒப்படைத்துவிட்டு, அடுத்த ஊரில் துடைப்பத்துடன் நிற்பது அவர் வழக்கம். 1952இல் இந்தப் பணிகளைத் தொடர ஸ்ரீ காட்கே மகராஜ் மிஷன் நிறுவப்பட்டது. டாடா நினைவு மருத்துவமனைக்குத் தொலைவிலிருந்து வரும் புற்றுநோயாளிகள் பலர் மும்பை தாதரில் அவர் பெயரிலான தர்மசாலையில்தான் இன்றும் தங்குகின்றனர்.

பண்டரிபுரமும் பாபாசாகேபும்

பண்டரிபுரம் வார்காரி மரபின் தலைநகரம். விட்டலனைக் காண ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் நடந்து செல்லும் ஊர். 14ஆம் நூற்றாண்டின் மஹர் சாதிக் கவிஞர் சோகாமேளா அந்த விட்டலனையே பாடியவர். மங்கள்வேடாவில் சுவர் கட்டும் வேலையில் ஈடுபட்டிருந்தபோது அது இடிந்து விழுந்து அவர் இறந்தார் என்பது மரபுவழிச் செய்தி. அவரது சமாதி கோயிலுக்குள் இல்லை, வாசல் படியருகே இருக்கிறது. அவர் வழிவந்த மக்களுக்கு 20ஆம் நூற்றாண்டிலும் கோயிலில் இடமில்லை, தங்குமிடங்களிலும் இடமில்லை. யாத்திரை வரும் தலித் குடும்பங்கள் மழையிலும் வெயிலிலும் ஆற்று மணலில் கிடந்தன.

அம்மக்களுக்காகப் பண்டரிபுரத்தில் காட்கே பாபா எழுப்பியது சோகாமேளா தர்மசாலை. இங்கே ஒரு விமர்சனத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஊரில் மராத்தா சாதியினருக்கும் பரீட் சாதியினருக்கும் அவர் தனித்தனித் தர்மசாலைகள் அமைத்தார். தீண்டாமையைக் கண்டித்த ஒருவர், சாதிவாரியாகக் கூரை அமைத்தது அவரது எல்லையைக் காட்டுகிறது. அவர் சாதி இந்துக்களின் மனச்சான்றை நோக்கிப் பேசினார். சாதியின் சட்ட, பொருளியல் அடித்தளத்தைத் தகர்க்கும் திட்டம் அவரிடம் இல்லை. பக்தி மரபுக்கு வெளியே அவர் காலடி வைக்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் எடுத்த முடிவின் தொலைநோக்கை இந்த மரபிடமிருந்து எதிர்பார்க்க முடியாது.

ஆனால், தன் எல்லையை அறிந்தவராக அவர் நடந்துகொண்டார் என்பதற்குச் சான்று உண்டு. 1949இல் பாபா மும்பையில் நோயுற்றிருந்தபோது, அன்று நடுவண் சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் நேரில் வந்து அவரைக் கண்டார். சோகாமேளா தர்மசாலையை அம்பேத்கர் 1945இல் தொடங்கிய மக்கள் கல்விக் கழகத்திடம் மாணவர் விடுதியாகப் பயன்படுத்த ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. யாத்திரிகர் தங்கும் கட்டடம் மாணவர் படிக்கும் கட்டடமாகும் மாற்றம் இது. அது பக்தியிலிருந்து உரிமைக்குச் செல்லும் பாதையில் ஒரு படி. அந்தப் படியை அடுத்து ஏறப்போவது யார் என்பதில் பாபாவுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

1956 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் அவர் நிகழ்த்திய கீர்த்தனை அவரது கடைசிக் கீர்த்தனைகளுள் ஒன்று. அதில் அவர் அம்பேத்கரை எடுத்துக்காட்டாக வைத்து, கல்வி ஒரு மனிதரை அரசமைப்பையே இயற்றும் உயரத்துக்குக் கொண்டு சென்றதைச் சொன்னார். உண்ணும் தட்டை விற்றாவது, மனைவிக்கு விலை குறைந்த சேலை வாங்கியாவது, இடிந்த வீட்டில் வாழ்ந்தாவது பிள்ளைகளைப் படிக்க வைக்குமாறு கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே அம்பேத்கர் மறைந்தார். இரு வாரங்களில் பாபாவும் மறைந்தார்.

போற்றுதல் என்னும் பொறி

துப்புரவுத் தொழிலைப் புனிதமாக்கும் பேச்சு இந்தியாவில் புதிதல்ல. காந்தி 1936இல் எழுதியபோது அத்தொழிலைத் தாய் தன் குழந்தைக்குச் செய்யும் பணியோடு ஒப்பிட்டார். அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இந்த வகைப் போற்றுதலைக் கடுமையாக மறுத்தார். வறுமை எவருக்கும் நன்று என்று ஏழையிடம் மட்டும் சொல்வதைப் போல, மலம் அள்ளுவது உயர்ந்தது என்று அதை அள்ள நிர்ப்பந்திக்கப்பட்டவரிடம் மட்டும் சொல்வது கொடுமையின் இன்னொரு வடிவம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

காட்கே பாபா இந்தப் பொறியில் விழவில்லை என்பதே அவரை நாம் படிக்க வேண்டியதன் காரணம். தூய்மைப் பணியாளரிடம் சென்று உன் பணி தெய்வீகமானது, அதிலேயே நில் என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்காரனிடம் சென்று உன் வாசலில் கிடக்கும் அழுக்கு உன்னுடையது என்று தன் செயலால் உணர்த்தினார். ஒடுக்கப்பட்டவரிடம் பேசும்போது துடைப்பத்தைப் பற்றிப் பேசவில்லை, பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார்.

மறைவுக்குப் பின் அவர் பெயர் பெரிதாயிற்று. 2000ஆம் ஆண்டில் மராட்டிய அரசு அவர் பெயரில் கிராமத் தூய்மை இயக்கத்தைத் தொடங்கி, சிறந்த ஊராட்சிகளுக்குப் பரிசளித்தது. அமராவதிப் பல்கலைக்கழகமும் அவர் பெயரைத் தாங்கியது. இவற்றால் பல ஊர்கள் பயன் பெற்றன. ஆயினும் பாபாவின் காலைத் துடைப்பத்தை எடுத்துக்கொண்ட அரசுகள் அவரது இரவுக் கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. தெருவைக் கூட்டுவது நிகழ்ச்சியாயிற்று. தெருவை நாள்தோறும் கூட்டுபவர் யார், ஏன் அவர் சாதி மாறுவதே இல்லை என்ற கேள்வி விடுபட்டது. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்துக்கும் இது பொருந்தும்.

சட்டம் இருக்கிறது, மரணமும் இருக்கிறது

அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1993இல் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் முதல் மத்தியச் சட்டம் வந்தது. அது பயனற்றுப்போகவே 2013இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று, அதாவது அம்பேத்கர் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பற்ற முறையில் பாதாளச் சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ சுத்தம் செய்ய எவரையும் ஈடுபடுத்தக்கூடாது என்கிறது அதன் 7ஆம் பிரிவு. 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. தொகை உயர்ந்தது, மரணம் நிற்கவில்லை.

நான் சட்டம் பயின்ற காலத்தில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றில் கலந்துகொண்டேன். கையுறையும் தொப்பியும் எங்களுக்குத் தரப்பட்டன. ஊரின் தேர் வீதியைக் கூட்டினோம். ஒளிப்படம் எடுத்து முடிந்ததும், நாங்கள் குவித்ததை அள்ளிச் செல்ல வெறுங்கையும் வெறுங்காலுமாக உள்ளாட்சிப் பணியாளர் நால்வர் வந்தனர். அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்காக அவர்களின் விடுமுறை ரத்து செய்யப்பட்டிருந்தது. ஊருக்கு வெளியே அவர்கள் வாழ்ந்த குடியிருப்பு எங்கள் பணித் திட்டத்தில் இடம்பெறவே இல்லை. அவர்களுள் மூத்த அம்மா ஒருவர் நாளையும் வருவீர்களா என்று எங்களைக் கேட்டார். அவர் கேலியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு அன்று விளங்கவில்லை. எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நம் பகுதியில் அந்த நாள்

தூய்மைப் பணி நாளே வேண்டாம் என்பது என் முடிவு அல்ல. அதைக் காட்கே பாபாவிடமிருந்து கற்றுக்கொண்டு நடத்த வேண்டும் என்பதே என் கருத்து.

முதலாவதாக, பணி எங்கே தொடங்குகிறது என்பது அரசியல் முடிவு. குப்பை வண்டி வராத, குழாய் இல்லாத, மழையில் சாக்கடை வீட்டுக்குள் புகும் சேரிப்பகுதியில் தொடங்க வேண்டும். அங்கே வாழும் மக்கள் கூடி எது முதலில் வேண்டும் என்று சொன்ன பிறகே நாள் குறிக்க வேண்டும். அவர்கள் குப்பையை அல்ல, தெருவிளக்கைக் கேட்டால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்பதைத் திட்டமிட்டே தீர்மானிக்க வேண்டும். அன்று தூய்மைப் பணியாளர் எவரையும் வேலைக்கு அழைக்கக்கூடாது. அழைப்பதானால் விருந்தினராகவோ, பணியைக் கற்றுத்தரும் வல்லுநராக உரிய மதிப்பூதியத்துடனோ அழைக்க வேண்டும். கூட்டியதை அள்ளுவதும், வண்டியில் ஏற்றுவதும், கருவிகளைக் கழுவி வைப்பதும் தன்னார்வலர் கடமை. குறிப்பாக, வாழ்நாளில் துடைப்பம் தொடாத சாதிகளைச் சேர்ந்த மாணவர்கள் இந்தக் கடைசி வேலைகளை ஏற்க வேண்டும். தலித் மாணவர்களிடம் ஒலிபெருக்கியும் கணக்கேடும் இருக்கட்டும். எனினும் கழிவுநீர்த் தொட்டி, சாக்கடைக் குழி, மருத்துவக் கழிவு ஆகியவற்றை எவரும் தொடக்கூடாது. அவற்றுக்கு இயந்திரமும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். அதை அளிப்பது உள்ளாட்சியின் சட்டக் கடமை.

மூன்றாவதாக, பணி மாலையில் கேள்வியாக மாற வேண்டும். பாபாவின் கீர்த்தனைக்கு நிகராகத் தெருமுனைக் கூட்டம் ஒன்று நடக்கட்டும். இந்த வார்டில் எத்தனை பணியாளர் வேலை செய்கின்றனர், அவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத்தில் இருக்கின்றனர், அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் கைக்கு வருகிறதா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதா, கையுறையும் காலணியும் கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டன என்று கேட்போம். பதில் கிடைக்காத கேள்விகளை அந்த மேடையிலேயே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுவாக எழுதிக் கையொப்பமிடுவோம். அந்த மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். பதில் வரும் நாளில் மீண்டும் அதே தெருவில் கூட வேண்டும்.

நான்காவதாக, பணம். வசூலான தொகையையும் செலவையும் தெருவில் எழுதி ஒட்ட வேண்டும். மிச்சம் இருந்தால் அது பணியாளர் வீட்டுப் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணமாகட்டும். சோகாமேளா தர்மசாலை மாணவர் விடுதியாவதற்கு வழி திறந்ததன் பொருளை நம் அளவில் நிறைவேற்றும் செயல் அது.

காட்கே பாபா சாதியை ஒழித்தவர் அல்லர். ஆனால் கையில் துடைப்பம் இருந்தபோது எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர், தன்னால் முடியாததை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அறிந்தவர். நம் பகுதியில் அடுத்து ஒரு பணி நாள் குறிக்கப்படும்போது, நாளையும் வருவீர்களா என்ற அந்த அம்மாவின் கேள்விக்கு நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தத் தெருவை நாள்தோறும் கூட்டுகிறவருக்கு நிரந்தரப் பணியும் முழு ஊதியமும், அவர் பிள்ளைக்கு வேறு தொழில் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடைக்கும் வரை வருவோம் என்பதே அந்தப் பதில்.